வெயிலைச் சுமப்பது யார்?



நிலக்கரியும் எண்ணெயும் எரிந்த புகையால் உலகம் சூடேறுகிறது. 2070-க்குள் நிகரப் புகையைப் பூஜ்யமாக்குவதாக 2021-ல் கிளாஸ்கோவில் இந்திய அரசு வாக்களித்தது. வரவேற்கிறோம். பல்லடம், உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. பல, பஞ்சாலை முதலாளிகளுடையவை. புகை குறைகிறது, அவர்கள் மின்செலவும் குறைகிறது. நம் புழுக்கம் குறைந்ததா? நூல் அறாதிருக்க ஈரமேற்றிய கூடத்தில் நம் வேர்வை உலர்வதில்லை. மஞ்சள் காட்டிலோ உச்சி வெயில்!

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது; மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அது வேண்டியதே. ஆனால் மாளாமல் காப்பதல்லவா முதற்கடமை?

கூலி வெட்டில்லாத உச்சிவேளை ஓய்வு, நிழல், குடிநீர், கூடத்தில் காற்றோட்டம் — ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒன்றுபட்டுக் கேட்போம்! வெல்வோம்!