இரண்டு செங்குத்து அச்சுகள்

கூனிமேட்டு உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள். உப்பளத்து உவர்நீரைத் தொட்டியில் ஊற்றி வெயிலில் வைத்தோம். அதன் வெப்பநிலையையும் பாமே அளவையும் மாணவர்கள் தினமும் கணினியில் பதிந்தார்கள். பைத்தானின் மேட்பிளாட்லிப் நிரலகத்தில் ‘ட்வின்எக்ஸ்’ என்ற கட்டளை, அதே வரைபடத்தின் வலப்புறம் இன்னொரு செங்குத்து அச்சைத் தரும். ‘ஃபங்க்அனிமேஷன்’ புதிய பதிவுகளைப் படித்துக் கோடுகளை நீட்டிக்கொண்டே போகும்.

ஒருநாள் இரு கோடுகளும் வெட்டிக்கொண்டன. “உப்பு வெளஞ்சிடுச்சா சார்?” என்றாள் ஒரு மாணவி. அப்போது பாமே 14தான். கடல்நீர் ஏறத்தாழ 3 பாமே. 25ஐ ஒட்டி வந்தால்தான் உப்பு விளையும். பிழை என்னுடையது. பதிவுக்குப் பதிவு அச்சின் எல்லைகள் தாமாக மாறும்படி விட்டிருந்தேன். எல்லை மாறினால் வெட்டும் இடமும் மாறும். அந்தப் புள்ளிக்குப் பொருளே இல்லை.

பிறகு வெப்பநிலைக்கு 20 முதல் 45, பாமேக்கு 0 முதல் 30 என்று எல்லைகளை நிலைப்படுத்தினோம். ஒவ்வொரு அச்சுக்கும் அதன் கோட்டின் நிறத்தையே கொடுத்தோம். பாமே 25இல் கிடைக்கோடு ஒன்று வரைந்தோம்.

மறுநாள் அதே மாணவி திரையைப் பார்த்துவிட்டு, “இன்னும் கோட்டத் தொடல சார்” என்றாள்.

எந்தக் கோட்டை எந்த அச்சில் படிப்பது என்று சொல்லித்தந்த பிறகு வரைபடத்தை ஓடவிடுங்கள்.