நீர் குடைந்த மாளிகை



லால்பாக் தோட்டத்துப் பாறையின்மேல் ஏறி நில்லாத பெங்களூர்வாசிகள் அரியர். ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டுப் பழமையுடைய அப்பாறையின்மேல் பெய்யும் மழை பெரும்பாலும் வழிந்தோடிவிடுகிறது. ஆனால், மழைநீரே கல்லைக் கரைத்துக் குடைந்த மாளிகையொன்று ஆந்திர மாநிலத்து நந்தியால் மாவட்டத்தில் உளது. அதுவே பேலம் குகை. ஒக்கலிபுரத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு, அனந்தப்பூர், தாடிபத்திரி வழியாக ஒரே பகலில் அங்குச் சென்று சேரலாம்.

மலையடிவாரத்தில் வாயிலைத் தேடுவோர் ஏமாறுவர். சமவெளியின் நடுவே, கிணறு போன்ற பள்ளத்திற் படியிறங்கியே உட்புக வேண்டும்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி அதனைக் கரைக்கிறது. நெடுங்காலம் இவ்வாறு ஓடிய நிலத்தடி நீர் வகுத்த வழிகளே இக்குகை. கூரையிற் கசியும் துளியோ, அவ்வாயுவைக் காற்றில் விட்டு, தான் சுமந்துவந்த சுண்ணாம்பை அங்கேயே படியவிடுகிறது. ஆலம் விழுதுகள் போன்ற தொங்கல்கள் தோன்றியது இங்ஙனமே.

பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பாரே, 1884-இல் இக்குகையைப் பற்றியும் குறித்துவைத்தார். பின்னர் ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து, 1982, 1983-ஆம் ஆண்டுகளில், ஜெர்மானியக் குழுவொன்று இதனை ஆராய்ந்து அளந்தது. அளக்கப்பட்ட நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் 2002 முதல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளது. உள்ளே புழுக்கம் மிகுதி. ஆயினும், மிக ஆழத்திலுள்ள பாதாளகங்கையின் நீரோட்டத்தைக் காணும்போது வந்த களைப்பு நீங்கிவிடும்.

ஒன்று சொல்ல விரும்புகிறேன். தொங்கல்களைத் தொட்டுப் பார்க்கக் கை துடிக்கும், தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்திற் சுண்ணாம்பு செவ்வனே படிவதில்லை. விரற்கடையளவு வளரப் பல தலைமுறைகள் செல்லும். முறிப்பதற்கோ ஒரு நொடி போதும்.

சிமெண்டுக்கு வேண்டிய கல்லும் இதே சுண்ணாம்புக் கல்தான். அவ்வட்டாரத்திற் சிமெண்டு ஆலைகளும் உள. நமக்கு வீடும் வேண்டும், குகையும் வேண்டும். கல்லை வேறிடத்தும் வெட்டலாம். குகையை நாம் மீண்டும் கட்ட இயலாது. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து தெளிதல் நம் கடமை.