இருபது வரிகளில் நான் எழுதாத ஒன்று

(கலிஃபோர்னியாவில் வசிக்கும் தமிழ் இளைஞர்கள் நடத்திய அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அக்கா, நீங்க காலேஜ்ல சைக்காலஜி படிச்சீங்களே, அதைப் பத்திப் பேசுங்க" என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். நான் உளவியல் அறிஞர் இல்லை. ஒரே ஒரு பருவம், ஒரே ஒரு அறிமுகப் பாடம் படித்தவள். 42 வயதில், செவிலியர் படிப்பில் சேர அந்தப் பாடம் தேவைப்பட்டதால் சேர்ந்தேன். ஆகவே இதை ஒரு மாணவியின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் நம்மூரிலும் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் உண்டு. இங்கே இருப்பது வேறு. கலிஃபோர்னியாவில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. 18 வயது ஆனவர்கள் யாரும் சேரலாம், நுழைவுத்தேர்வு கிடையாது. மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். உளவியல் அறிமுகம் 3 யூனிட் பாடம், ஆக 138 டாலர். என் மாலை வகுப்பில் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர் இருந்தார், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் இருந்தார், பள்ளி முடித்த பிள்ளைகள் இருந்தார்கள். 'தகுதி' கேட்காமல் கதவைத் திறந்து வைக்கும் ஒரு கல்லூரியை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

முதல் நாள் எங்கள் ஆசிரியர் ஒரு தாளைக் கொடுத்தார். அவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. தாளில் 1 முதல் 20 வரை எண்கள். "நான் யார்?" என்ற கேள்விக்கு இருபது பதில் எழுத வேண்டும். கூன், மெக்பார்ட்லண்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் 1954இல் வெளியிட்ட பயிற்சி அது. நான் எழுதினேன்: அம்மா, மனைவி, தமிழச்சி, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், நன்றாக மீன் குழம்பு வைப்பவள். இருபதும் நிரம்பியது. சாதியை எழுதவில்லை.

பக்கத்தில் இன்னொரு இந்திய மாணவர். அவரும் இருபது எழுதியிருந்தார். அவர் தாளிலும் சாதி இல்லை. கலந்துரையாடலில் அவர் சொன்னார்: "எங்கள் வீட்டில் சாதி பற்றிப் பேசியதே இல்லை."

ஆசிரியர் பொதுவாக ஒன்று சொன்னார். சுற்றியிருப்பவர்களிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்டும் விஷயம்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். வெள்ளைப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் கறுப்புப் பிள்ளை தன் நிறத்தை எழுதும். வெள்ளைப் பிள்ளைக்கு அது தோன்றவே தோன்றாது. அன்று இரவு பேருந்தில் வீடு திரும்பும்போது எனக்கு உறைத்தது. இரண்டு தாளிலும் சாதி இல்லை. அவருக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, முதல் வரியிலேயே தோன்றியது. நான் மறைத்தேன். இங்கே தமிழர் கூடும் இடங்களில் "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளே எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிப் பழகிய கை, ஆங்கிலத் தாளிலும் அதையே செய்துவிட்டது.

அந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

தோழர்களே, உளவியல் நம் பக்கம் நின்ற துறை என்று நினைத்துவிடாதீர்கள். 1905இல் பிரான்சில் ஆல்ஃபிரெட் பினே ஒரு சோதனையை உருவாக்கினார். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிப்பதே நோக்கம். அறிவு பிறப்பிலேயே முடிவாகிவிட்ட ஒன்று என்று அவர் கருதவில்லை. அதே சோதனையை 1908இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஹென்றி காடர்டு, அறிவு பரம்பரையாக வருவது என்று நம்பியவர். அவருடைய ஆட்கள் 1913இல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில், கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளைச் சோதித்தார்கள். நீண்ட கடல் பயணம், தெரியாத மொழி, கையில் பென்சில் பிடித்தறியாதவர்கள் பலர். சோதித்த யூதர், இத்தாலியர், ரஷ்யர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு 'மந்த புத்தி' என்று எழுதினார்கள். பிறகு முதல் உலகப் போரில் சுமார் 17 லட்சம் படைவீரர்களுக்குச் சோதனை நடந்தது. அந்தத் தரவை வைத்து கார்ல் பிரிகம் 1923இல் இனங்களை அறிவு வரிசையில் அடுக்கிப் புத்தகம் போட்டார். அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை 1926இல் உருவாக்கியவரும் அதே பிரிகம்தான். 1930இல் தன் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று அவரே எழுதினார். அதற்குள் 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வந்து கதவை மூடியிருந்தது.

இது ஏதோ பழங்கதை என்று தோன்றுகிறதா? இட ஒதுக்கீடு என்றதும் 'மெரிட்' என்று கத்துகிறவர்களின் குரல் இதில் கேட்கவில்லையா? பிறப்பால் வந்த வசதியை அளந்துவிட்டு அதற்கு அறிவு என்று பெயர் சூட்டுவது எல்லா ஊரிலும் ஒரே தந்திரம்தான்.

அந்தத் தந்திரத்தை உடைத்தவர்களும் உளவியல் படித்தவர்கள்தான். சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில், நுண்ணறிவுச் சோதனையில் மதிப்பெண் குறைவு என்று கறுப்புப் பிள்ளைகளை 'மனவளர்ச்சி குன்றியோர்' வகுப்புகளில் தள்ளினார்கள். 1971இல் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். கறுப்பின உளவியலாளர்கள் அதே பிள்ளைகளை, அவர்கள் பேசும் மொழியிலும் பழகிய சூழலிலும் வைத்து மறுபடி சோதித்தார்கள். எல்லாரும் அந்தக் கோட்டுக்கு மேலே வந்தார்கள். 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம், அந்த வகுப்புகளில் கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க இத்தகைய சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். துறையின் இனவெறி வரலாற்றை 1976இல் புத்தகமாக எழுதிய ராபர்ட் கத்ரி, சான் டியாகோவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'எலி கூட வெள்ளைதான்' என்று வரும்.

இன்னொரு கதை. வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் இளைஞர் மருத்துவராகும் எண்ணத்தில் படித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான பிரான்சிஸ் சம்னரின் வகுப்பில் போய் உட்கார்ந்தார். வாழ்க்கை திசை மாறியது. அவர் பெயர் கென்னத் கிளார்க். கணிதம் படிக்க வந்த மேமி பிப்ஸ் என்ற பெண்ணையும் இந்தப் பக்கம் இழுத்தார். பின்னர் அவர்கள் தம்பதியர். இருவரும் முனைவர் பட்டம் பெற்றது கொலம்பியா பல்கலைக்கழகத்தில். 1913இல் நம் அண்ணல் போய்ப் படித்த அதே கொலம்பியா.

அவர்கள் நான்கு பொம்மைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் ஒரே அச்சு, நிறம் மட்டும் வேறு. 3 முதல் 7 வயது வரை உள்ள 253 கறுப்புக் குழந்தைகளிடம் கேட்டார்கள்: விளையாட எந்தப் பொம்மை வேண்டும்? எது நல்ல பொம்மை? எது மோசமாகத் தெரிகிறது? மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் கறுப்புப் பொம்மைதான் மோசம் என்றார்கள். கடைசிக் கேள்வி: உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு. சில பிள்ளைகள் அழுதார்கள், சிலர் அறையை விட்டு ஓடினார்கள். வகுப்பில் இதைக் கேட்டபோது நான் எட்டு வயதுப் பிள்ளையாகி, ஊர்த்தெருவில் தண்ணீர் கேட்டு, உயர்த்திப் பிடித்த செம்பின் கீழே கையைக் குவித்து நின்றேன்.

தெற்கில் தனிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. வடக்கில் கலந்து படித்த பிள்ளைகளும், சற்று அதிகமாகவே, வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். பள்ளிச் சுவரை இடித்தால் மட்டும் போதாது, ஊர் முழுக்க நஞ்சு இருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்?

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. ஆனால் தோழர்களே, நீதிமன்றம் எடுத்துக்கொண்டது பாதியைத்தான். பிரிவினை கறுப்புப் பிள்ளைகளின் மனதில் தாழ்வுணர்ச்சியை உண்டாக்குகிறது என்று தீர்ப்பு சொன்னது. சமூக அறிவியலாளர்கள் 1952இல் நீதிமன்றத்தில் கொடுத்த அறிக்கையில் இன்னொரு பாதியும் இருந்தது: வெள்ளைப் பிள்ளைகளின் மனமும் கெடுகிறது, அடுத்தவரைத் தாழ்த்தித் தன்னை அளந்துகொள்ளக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாதியைத் தீர்ப்பு தொடவில்லை. காயம் எப்போதும் நம் மனதில்தான் தேடப்படுகிறது. கத்தி யார் கையில் என்று தேடுவதில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பள்ளிச் சிறுவர்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சரியாகப் போட்டால் காசு. சாதியைச் சொல்லாதபோது தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளும் ஆதிக்க சாதிப் பிள்ளைகளும் ஏறக்குறைய சமமாகவே போட்டார்கள். ஒவ்வொருவரின் சாதியையும் எல்லார் முன்னிலையிலும் அறிவித்தபோது தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்தது. அதே பிள்ளை, அதே மூளை, அதே புதிர். இடையில் நடந்தது ஓர் அறிவிப்பு. 'மெரிட்' பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் இதிலும் நாம் நம் பிள்ளையின் மனதைத்தான் பார்க்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனை, கூடப் படித்த பிள்ளைகள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. நல்லது. ஆனால் கயிறு கைக்கு வருவதற்கு முன் மனதில் எப்போது கட்டப்பட்டது? எந்த வயதில், யார் கட்டினார்கள்? அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் பொம்மையை நீட்டுகிற ஆய்வுகளும் நமக்கு வேண்டும்.

பாடத்தில் 'நியாயமான உலகம்' என்று ஒரு கருத்து வந்தது. மெல்வின் லெர்னர் 1960களில் ஆராய்ந்தது. ஓர் அப்பாவி துன்பப்படுவதைப் பார்த்துக்கொண்டே, தடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்ச நேரத்தில் அந்த அப்பாவியையே குறை சொல்லத் தொடங்குகிறார்கள். உலகம் நியாயமானது என்று நம்பினால்தானே நிம்மதியாகத் தூங்க முடியும்! அந்த நிம்மதிக்கு நம் நாட்டில் முன்வினை என்று பெயர். 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா கலிஃபோர்னியா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, "இங்கே சாதியே இல்லை, இது எங்களைக் குறிவைக்கிறது" என்று எதிர்த்தவர்களைப் பார்த்தோம். அக்டோபரில் ஆளுநர் அதை நிராகரித்தார். என் பக்கத்தில் இருந்த மாணவரின் தாள் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தோன்றவில்லை. தோன்றாமல் இருக்க முடிவதுதான் ஆதிக்கத்தின் சொகுசு.

அண்ணல் 1936இலேயே சாதியை ஒரு மனநிலை என்று எழுதினார். அந்த மனநிலை எங்கே உற்பத்தியாகிறது என்று தேடிப் போய்ச் சாத்திரங்களின் புனிதத்தில் கை வைத்தார். சொந்த மக்களுக்கு மட்டும் ஆறுதல் சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை.

இளைய தோழர்களுக்கு இரண்டு வேண்டுகோள். முடிந்தால் இந்தப் பாடத்தைப் படியுங்கள். பட்டப்படிப்பில் ஒரு விருப்பப் பாடமாகவாவது எடுங்கள். அரசு வெளியிடும் புள்ளிவிவரம், பத்திரிகை எழுதும் 'ஆய்வு சொல்கிறது' எல்லாவற்றையும் யாரைச் சோதித்தார்கள், யார் கேட்டார்கள் என்று கேட்டுப் பார்க்கப் பழகுவீர்கள். இரண்டாவது, மனம் வலித்தால் ஆலோசகரிடம் போங்கள், அதில் வெட்கம் வேண்டாம். நானும் போயிருக்கிறேன். ஆனால் "நீங்கள்தான் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்" என்று மட்டும் யாராவது சொன்னால், அங்கே நிறுத்தாதீர்கள். கிளார்க் தம்பதியர் பொம்மைகளை அறைக்குள்ளேயே வைத்திருக்கவில்லை. கென்னத் அவற்றை எடுத்துக்கொண்டு தெற்குக் கரோலினாவுக்குப் போனார், நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 1946இல் ஹார்லெமில் இருவரும் குழந்தைகளுக்கான சிகிச்சை மையமும் திறந்தார்கள். மருந்தும் வழக்கும் கூடவே நடந்தன.

பருவத்தின் கடைசி வாரம் ஆசிரியர் அந்தப் பழைய தாளைத் திருப்பிக் கொடுத்து, மாற்ற விரும்பினால் மாற்றலாம் என்றார். நான் மீன் குழம்பை அடித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினேன்: நான் ஒரு தலித் பெண். கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. பக்கத்து மாணவர் என் தாளைப் பார்த்தார். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, "எங்கள் வீட்டில் ஏன் பேசியதில்லை என்று அம்மாவிடம் கேட்கப் போகிறேன்" என்றார். கேட்டாரா, என்ன பதில் வந்தது, எனக்குத் தெரியாது. அவர் கேட்க வேண்டிய கேள்வி அது. இத்தனை நாள் அந்தக் கேள்விக்கும் சேர்த்து நாம்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.