தனித்துக் கற்போர் கூடும் வேளை



கற்பதற்கு வேண்டியவை யாவை என்று வினவினால், நூல் வேண்டும், ஆசிரியர் வேண்டும், ஓய்வு நேரம் வேண்டும் என்று எவரும் விடை பகர்வர். உடன் கற்கும் தோழர் வேண்டும் என்று சொல்பவர் மிகச் சிலரே. பள்ளிக்கூடத்திலே அத்தோழமை கேளாமலே கிடைத்துவிடுகின்றது. ஆதலால் அதன் அருமை நமக்குப் புலப்படுவதில்லை. வீட்டிலிருந்தபடியே தொலைக் கல்வி பயில்வோர்க்கே அது நன்கு தெரியும். அத்தகையோர் சிலர் இலண்டன் மாநகரிலே ஒருங்கு கூடிய ஒரு சந்திப்பைப் பற்றியும், அது உணர்த்தும் உண்மையைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

தொலைவிலிருந்து கற்கும் முறை பிரித்தானியாவிற்குப் புதியதன்று. 1840ஆம் ஆண்டிலே ஒரு பென்னித் தபால் முறை நடைமுறைக்கு வந்தபொழுது, ஐசக் பிற்மன் என்பார் தமது சுருக்கெழுத்து முறையைத் தபால் மூலம் கற்பிக்கத் தொடங்கினார். 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம், தன் கல்லூரிகளிற் பயிலாதவரும் தன் பட்டப் பரீட்சைக்குத் தோற்றலாம் என வாயிலைத் திறந்துவிட்டது. அவ்வாயில் நம் நாட்டவர்க்கும் பயன்பட்டது. 1921இல் கொழும்பிலே நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, இலண்டன் பட்டத்துக்கே படித்தனர்.

1963ஆம் ஆண்டு செப்தெம்பரில் ஹரோல்ட் வில்சன் கிளாஸ்கோ நகரிலே பேசுகையில், ஒலிபரப்பின் துணைகொண்டு கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்றார். பின்னர் அவர் பிரதமரானபொழுது, ஜென்னி லீ அம்மையார் அமைச்சராயிருந்து அவ்வெண்ணத்துக்கு உருக்கொடுத்தார். 1969இல் திறந்த பல்கலைக்கழகம் அரச சாசனம் பெற்றது. 1971 சனவரியிலே கற்பித்தல் தொடங்கிற்று. முன்னைப் பரீட்சைத் தேர்ச்சி எதுவும் அங்கே கேட்கப்படவில்லை. பாடநூல்கள் தபாலில் வந்தன, விரிவுரைகள் பீ.பீ.சி.யின் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பெரும்பாலும் அதிகாலையிலும் நள்ளிரவை அண்டியும் ஒலித்தன.

அப்பல்கலைக்கழகத்தை அமைத்தோர் ஒரு செய்தியைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். நூலும் ஒலிபரப்பும் மாத்திரம் போதா. மனிதர் மனிதரைக் காணவேண்டும். எனவே ஊர்தோறும் கற்கை நிலையங்களை அமைத்தனர். துணை ஆசிரியர்களை நியமித்தனர். கோடை விடுமுறையில் ஏனைய பல்கலைக்கழகங்களின் விடுதிகள் வெறுமையாயிருக்கும்பொழுது, தம் மாணவரை ஒரு வாரம் அங்கே தங்கிக் கற்கச் செய்தனர். பகலிலே பாடம், மாலையிலே உரையாடலும் பாட்டும் கூத்தும். இது வெறும் பொழுதுபோக்கன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பதை விளக்கவே நான் கண்ட அச்சந்திப்பை இங்கே எடுத்துரைக்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இலண்டனுக்குச் சென்றிருந்தேன். ஒரு சனிக்கிழமை பிற்பகல், நண்பர் ஒருவர் என்னைத் தேநீர்க்கடை ஒன்றின் பின்னறைக்கு அழைத்துச் சென்றார். பன்னிருவர் வரையில் அங்கே குழுமியிருந்தனர். ஒருவர் பேருந்துச் சாரதி. ஒருவர் இரவுப் பணி முடித்து உறங்காமலே வந்த தாதி. ஒருவர் கைக்குழந்தையோடு வந்த தாய். கணினித் திரையிலே ஒருவர் பெயரை ஒருவர் கண்டிருந்தனரேயன்றி முகம் கண்டிலர். எனவே முதற் கால்மணி நேரம் மழையைப் பற்றியும் கேக்கைப் பற்றியுமே பேச்சு நிகழ்ந்தது.

பின்னர் அத்தாய் தாழ்ந்த குரலில், புள்ளிவிபரவியற் பாடத்தில் நியமவிலகல் என்னும் பகுதி தமக்கு விளங்கவேயில்லை என்றும், தமக்கு மாத்திரமே அறிவு போதாது போலும், ஆதலால் படிப்பை நிறுத்திவிட எண்ணியுள்ளதாகவும் கூறினார். அறை ஒரு கணம் அமைதியாயிற்று. "நான் அதனை நான்கு முறை படித்தேன், அம்மா" என்று சாரதி சிரித்தார். தாதியும் தலையசைத்தார்.

சாரதி மேலும் சொன்னார்: "இரண்டு பேருந்துப் பாதைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலே தவறாது 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து வருகின்றது. மற்றதிலே ஒருமுறை 2 நிமிடத்தில் வரும். அடுத்தது வர 18 நிமிடம் ஆகும். இரண்டுக்கும் சராசரி 10 நிமிடந்தான். ஆனால் குழந்தையோடு தரிப்பிடத்திலே நிற்கும் உங்களுக்கு இரண்டும் ஒன்றா? அந்த வேறுபாட்டை அளப்பதற்கே இந்தக் கணக்கு." அம்மையாரின் முகம் மலர்ந்தது. சாரதியோ, இதை வாய்விட்டுச் சொல்லும் வரை தமக்கும் இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை என்றார். பிரியும் வேளையில் அவ்வம்மையார் அடுத்த சந்திப்பின் நாளைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதைக் கண்டேன்.

நேயர்களே, பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலே ஒரு கணக்குக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் புலமையிற் காற்பங்கே கைகூடும். உடன் கற்போரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது அவர் கருத்து. தனித்துக் கற்பவருக்குத் தபாலும் கணினியும் கொண்டுவந்து தருவது முதற் காற்பங்கே. எஞ்சிய முக்காற் பங்கும் அத்தேநீர்க்கடையின் பின்னறையிலே கிடைத்தது. அதனினும் பெரிதாக, 'நான் மாத்திரமே அறிவிலி' என்னும் பொய்யெண்ணமும் அங்கே அகன்றது. படிப்பை இடைநடுவிற் கைவிடுவோர் பலரைத் தோற்கடிப்பது பாடத்தின் கடினமன்று; அந்தத் தனிமையே.

நம் நாட்டிலும் 1980 முதல் திறந்த பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்போரும் பலர். பகலெல்லாம் அலுவலகத்திலோ வகுப்பறையிலோ உழைத்துவிட்டு, வீட்டார் உறங்கிய பின் நூலை விரிக்கும் இளைஞரும் தாய்மாரும் நம் ஊர்களிலே உள்ளனர். அடுத்த தெருவில் இன்னொருவர் அதே பக்கத்திலே தடுமாறிக்கொண்டிருப்பதை அவர்கள் அறியார். என் போன்ற அதிபர்கள் அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. சனிக்கிழமை பிற்பகல்களிலே பூட்டிக் கிடக்கும் நம் வகுப்பறைகளில் ஒன்றை அவர்களுக்குத் திறந்துவிடலாம். பத்து நாற்காலிகளும் ஒரு கரும்பலகையும் போதும். தேநீரை அவர்களே கொண்டுவருவர்.