மாசி வீதின்னா எந்த மாசி வீதி? ஆன்லைன் ஆர்டரும் அட்ரஸ் தலைவலியும்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடுல சேலையை எப்படி போட்டோ எடுத்து ஆன்லைன்ல ஏத்துறதுன்னு பேசினோம். அதுக்கப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்வி: "ஆர்டர் வருது, ஆனா அட்ரஸ் சரியில்லைன்னா என்ன பண்றது?" இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

புதுசா கேக்கிறவங்களுக்கு: நானும் அம்மாவும் மதுரையில வீட்டுல இருந்தே சுங்குடி சேலை விக்கிறோம். 2005-லயே புவிசார் குறியீடு வாங்கின சேலை. கடை இல்லை, ஒரு மார்க்கெட்பிளேஸ் தளத்துல விக்கிறோம்.

முதல் வருஷம் நடந்த ஒண்ணைச் சொல்றேன். கோயம்புத்தூர்ல வேலை பாக்கிற ஒரு அண்ணன், உசிலம்பட்டி பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கிற தங்கச்சிக்கு வளைகாப்புச் சேலை ஆர்டர் போட்டார். அட்ரஸ்ல தங்கச்சி பேரு, "பிள்ளையார் கோயில் பக்கத்துல", உசிலம்பட்டி, பின்கோடு 625001. அவ்வளவுதான். நான் பாத்தேன், "பக்கத்து ஊர்தானே, போயிரும்"னு பேக் பண்ணி அனுப்பிட்டேன்.

625001 மதுரை தலைமை அஞ்சலகத்தோட நம்பர். உசிலம்பட்டிக்கு 625532. பார்சல் மதுரைக்குள்ளயே சுத்துச்சு. டெலிவரி பண்றவர் போன் அடிச்சிருக்கார். ஆனா அந்த நம்பர் அண்ணனோடது, அவர் ஷிப்ட்ல இருந்தார், எடுக்கலை. "முகவரி முழுமையா இல்லை"ன்னு எழுதி ஆறாவது நாள் என் வீட்டுக்கே திரும்பி வந்துருச்சு. வளைகாப்பு அதுக்கு முந்தின நாளே முடிஞ்சிருச்சு.

அவருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லங்க, வேற சேலை கட்டிக்கிட்டா. அண்ணன் என்ன அனுப்பினான்னு எல்லாரும் கேட்டாங்களாம்"னு சொன்னார். திட்டியிருந்தாக் கூட தாங்கியிருப்பேன். பணம் திருப்பிக் கொடுத்தோம். ஆனா அந்த ஒரு நாளை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாதுல்ல?

தப்பு அவர் மேலயும் இருக்கு, சரிதான். ஆனா பின்கோடும் ஊரும் பொருந்தலைன்னு பேக் பண்றதுக்கு முன்னாடியே என் கண்ணு முன்னாடி இருந்துச்சு. நான் படிக்கலை.

பின்கோடைப் படிக்கக் கத்துக்கோங்க

இந்தியாவுல பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. ஆறு இலக்கம். முதல் எண் மண்டலம். தமிழ்நாடும் கேரளாவும் 6-ல வரும். முதல் மூணு எண் சேர்ந்து எந்த வட்டாரத்துக்குத் தபாலைப் பிரிச்சு அனுப்பணும்னு சொல்லும். கடைசி மூணு, எந்த அஞ்சலகம் டெலிவரி பண்ணும்னு சொல்லும்.

நம்ம பக்கம் 625. ஆனா 625-ன்னா மதுரை மாவட்டம்னு மட்டும் நினைக்காதீங்க. தேனி 625531, போடி 625513, பெரியகுளம் 625601. எல்லாமே 625 குடும்பம்தான். அதனால முதல் மூணு எண்ணை மட்டும் பாத்து நிம்மதியா இருக்கக் கூடாது. ஆறையும் பாக்கணும்.

அப்புறம் ஒரே பேர்ல இருக்கிற ஏரியாக்கள். கே.கே. நகர் மதுரையிலயும் இருக்கு, திருச்சியிலயும் இருக்கு, சென்னையிலயும் இருக்கு. அண்ணா நகரும் அப்படித்தான்: மதுரைன்னா 625020, சென்னைன்னா 600040. ஊர் மதுரைன்னும் பின்கோடு 600040-ன்னும் வந்தா, ரெண்டுல ஒண்ணு தப்பு. எது தப்புன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. வாங்கினவங்களைக் கேக்கணும்.

இனி மதுரைக்காரங்களுக்கே உள்ள பிரச்சினை. கோயிலைச் சுத்தி சதுரம் சதுரமா சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஒவ்வொண்ணுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு. மொத்தம் பதினாறு பேரு. வெறும் "மாசி வீதி"ன்னு போட்டா நாலுல எது? ஒரு தடவை "அப்பர் மாசி ஸ்ட்ரீட்"னு ஒரு ஆர்டர் வந்துச்சு. கொஞ்ச நேரம் யோசிச்சு அப்புறம் சிரிச்சுட்டேன். மேல மாசி வீதியை யாரோ மொழிபெயர்த்திருக்காங்க! இங்க 'மேல'ன்னா மேற்கு. வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட். எனக்குப் புரிஞ்சுச்சு, லேபிளை ஸ்கேன் பண்ற மெஷினுக்குப் புரியுமா?

தெருப் பேர் மாறுறதும் உண்டு. 2025 அக்டோபர்ல தெரு, குடியிருப்புப் பேர்கள்ல இருக்கிற சாதிப் பேரை எடுக்கச் சொல்லி தமிழ்நாடு அரசு அரசாணை போட்டுச்சு. பேர் மாறுற தெருவுல கொஞ்ச நாளைக்கு ஒரு ஆள் பழைய பேரு சொல்லுவார், இன்னொரு ஆள் புதுப் பேரு சொல்லுவார். அதனால லேண்ட்மார்க் கேக்கிறது நல்லது. அதுவும் ஊர் பேரோட சேர்த்து. பிள்ளையார் கோயில் இல்லாத ஊர் எது?

பேக் பண்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்

இப்ப நாங்க பண்றது இதுதான். ஆர்டர் வந்ததும் அம்மா அட்ரஸைச் சத்தமா படிப்பாங்க, நான் இந்தியா போஸ்ட் தளத்துல பின்கோடைத் தேடிப் பாப்பேன். வீட்டு எண் இருக்கா, தெரு இருக்கா, ஊரும் பின்கோடும் பொருந்துதா, போன் நம்பர் பத்து இலக்கம் இருக்கா. நாலும் சரின்னாத்தான் லேபிள்.

சந்தேகம் இருந்தா தளத்தோட மெசேஜ்லயே கேப்போம். இப்படி எழுதுவேன்: "வணக்கம். உங்க சேலை தயார். அட்ரஸ்ல ஊர் உசிலம்பட்டின்னும் பின்கோடு மதுரைன்னும் இருக்கு. எது சரின்னு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. பார்சலை வாங்கப் போறவங்க நம்பரும் அதுதானா?" எது இடிக்குதுன்னு தெளிவா சொல்லணும். "அட்ரஸ் தப்பு"ன்னு மட்டும் அனுப்பினா, அவங்க அதே அட்ரஸைத் திருப்பி அனுப்புவாங்க.

கடைசிக் கேள்விதான் அந்த வளைகாப்பு கத்துக் கொடுத்த பாடம். பணம் கட்டுறவர் வேற, வாங்கிறவங்க வேற. டெலிவரிக்கு வர்றவருக்கு வாங்கிறவங்க நம்பர்தான் வேணும்.

பதில் வரலைன்னா? அனுப்ப வேண்டிய கெடு முடியுற வரைக்கும் சும்மா உக்காரக் கூடாது. தளத்தோட செல்லர் ஹெல்ப்புக்கு எழுதுங்க. டெலிவரி ஆகவே ஆகாதுன்னு தெரிஞ்ச அட்ரஸ்னா, கேன்சல் பண்றதே மேல். ஈபே மாதிரி தளங்கள்ல கேன்சல் காரணங்கள்லயே "வாங்குபவர் முகவரியில் சிக்கல்"னு தனியா ஒண்ணு இருக்கு. உங்க தளத்துல என்ன விதின்னு முதல்லயே படிச்சு வைங்க.

"அக்கா, அட்ரஸை மட்டும் மாத்திருங்க"

இது ரொம்ப முக்கியம். ஆர்டர் போட்டுட்டு வாட்ஸ்அப்புல வருவாங்க: "அக்கா, ஊருக்குப் போயிட்டேன், இந்த அட்ரஸுக்கு அனுப்பிருங்க." நானும் ஒரு தடவை பாவம்னு அனுப்பினேன். பத்து நாள் கழிச்சு "பார்சல் வரலை"ன்னு தளத்துல புகார். ஆர்டர்ல இருக்கிற அட்ரஸ் ஒண்ணு, நான் அனுப்பினது வேற. என்கிட்ட இருந்த ரசீது செல்லலை. சேலையும் போச்சு, 1,450 ரூபாயும் போச்சு.

பொதுவா இந்தத் தளங்கள் விக்கிறவருக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது, ஆர்டர்ல இருக்கிற அட்ரஸுக்கு அனுப்பினா மட்டும்தான். அதனால இப்ப ஒரே பதில்: "தப்பா நினைக்காதீங்க, ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டு புது அட்ரஸ்ல திரும்பப் போடுங்க, சேலையை உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்." நிஜமான கஸ்டமர் யாரும் இதுக்குக் கோவிச்சுக்கிட்டதில்லை.

ஏற்கனவே அனுப்பியாச்சுன்னா, டிராக்கிங் நம்பரை விடாம பாருங்க. "டெலிவரி ஆகலை"ன்னு காட்டின அன்னைக்கே கஸ்டமரைக் கூப்பிடுங்க. திரும்பி வந்ததுக்கப்புறம் கூப்பிடுறதுல பிரயோஜனம் இல்லை. கிராமம்னா நான் ஸ்பீட் போஸ்ட்தான் போடுவேன். பேரு, தகப்பனார் பேரு, ஊர் இருந்தாலே கண்டுபிடிச்சுக் கொடுக்கிற தபால்காரர் இன்னும் நிறைய ஊர்ல இருக்கார்.

டிஜிபின் எதுக்கு?

2025 மே மாசம் அஞ்சல் துறை டிஜிபின்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. நாட்டையே ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பத்து எழுத்து-எண் குறியீடு. தோட்டத்து வீடு, கதவு எண் இல்லாத வீட்டுக்கெல்லாம் நல்ல உதவி. ஆனா அது அட்ரஸுக்குப் பதில் இல்லை, கூடுதல் அடையாளம். அபார்ட்மென்ட்ல மாடி எதுன்னு அதுக்குத் தெரியாது.

வெளிநாடுன்னா, ஊருக்கு ஊர் முறை வேற. சிங்கப்பூர்ல ஆறு இலக்கம், அநேகமா கட்டடத்துக்கு ஒண்ணு. துபாய்ல நம்ம மாதிரி பின்கோடே கிடையாது. போன் நம்பர் கண்டிப்பா வேணும். அது இல்லையேன்னு பதறாதீங்க, இருக்கிறதைக் கேட்டு வாங்குங்க.

கடைசியா ஒண்ணு. அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் நம்மளை நம்பிக் கொடுக்கிறது. "புது ஸ்டாக் வந்திருக்கு அக்கா"ன்னு அவங்களைக் கேக்காம குரூப்ல சேக்காதீங்க. திரும்பி வந்த பார்சல் லேபிளைக் கிழிச்சுட்டுக் குப்பையில போடுங்க.

அந்தத் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்ததும் அதே அண்ணன் மறுபடி ஆர்டர் போட்டார். இந்தத் தடவை வீட்டு எண், தெரு, 625532, தங்கச்சி நம்பர், எல்லாம் பக்காவா இருந்துச்சு. இருந்தாலும் அம்மா சத்தமா ஒரு தடவை படிச்சாங்க. மூணாவது நாள் போய்ச் சேந்துச்சு.

உங்களுக்கு வந்த வினோதமான அட்ரஸ் எதுன்னு எழுதி அனுப்புங்க, பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு. அடுத்த எபிசோடுல கேஷ் ஆன் டெலிவரி பத்திப் பேசுவோம். வரட்டுமா!