செல்வமும் சுதந்திரமும் சர்க்காரும்

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"எல்லாவற்றையும் சர்க்காரே நடத்த வேண்டும்" என்கிறார்கள் ஒரு சாரார். "சர்க்கார் ஒதுங்கி நின்றாலே நாடு செழிக்கும்" என்கிறார்கள் மறு சாரார். ஊரையும் உறவையும் விட்டு வந்து, உழைப்பைத் தவிர வேறு மூலதனம் இல்லாத நமக்கு இவர்களில் யார் சொல்வது பொருந்தும்? விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்தப் புனே நகரமே போதும்.

1902-ஆம் ஆண்டைப் பாருங்கள். பஞ்சமும் பிளேக் நோயும் பம்பாய் மாகாணத்தை வாட்டிய காலம். ஆனால் வெள்ளைக்கார சர்க்காரின் கஜானாவிலோ செலவு போக உபரி! வைஸ்ராயின் சட்டசபையில் எழுந்து அந்தப் பெருமையை உடைத்தவர், இதே புனேயின் பெர்குசன் கல்லூரியில் ஆசிரியராக இருந்த கோபால கிருஷ்ண கோகலே. மக்கள் வாடும்போது கஜானா நிரம்புகிறதென்றால், தேவைக்கு மேல் வரி பிடுங்கப்பட்டது என்றுதானே பொருள் என வாதாடினார். உப்பு வரியைக் குறைக்கக் கோரினார். அப்போது மணங்கு உப்புக்கு வரி இரண்டரை ரூபாய். 1903-இல் அது இரண்டு ரூபாயாயிற்று. 1907-இல் ஒரு ரூபாயாக இறங்கியது. மாளிகைக்காரருக்கு இது பெரிதல்ல. கூழுக்கு உப்பிடும் குடும்பத்துக்கோ அது பெரிய ஆறுதல். கஜானாவின் கணக்கு வேறு, குடிசையின் கணக்கு வேறு. இது முதல் பாடம்.

அதே உப்புக்காக 1930-இல் வேதாரண்யத்தில் சட்டத்தை மீறிச் சிறை சென்றவர் ராஜாஜி. சுதந்திரம் வந்த பின், 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். நாட்டில் நடப்பது பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று சாடினார். அவருடைய அரசியலை ஏற்காதவர்கள் இந்த அவையிலும் உண்டு. ஆயினும் அவர் சொன்னதில் இருந்த உண்மைக்கு நம் ஆகுர்டியே சாட்சி. அங்கே உருவான பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிந்தவர்கள், 1970-களில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இத்தனை வண்டிதான் செய்யலாம் என்று லைசென்ஸ் வரம்பு கட்டியது. கேட்டவருக்கு வண்டி இல்லை. உற்பத்தி பெருகியிருந்தால் உள்ளே போயிருக்கக்கூடிய தொழிலாளிக்கு வேலையும் இல்லை. கூடுதல் விலைக்குக் கைமாற்றியவர்களே கொழுத்தார்கள். 1991 ஜூலையில்தான் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் நீக்கப்பட்டது. இது இரண்டாம் பாடம்.

அப்படியானால் சர்க்கார் விலகிக்கொண்டால் போதுமா? குல்டேக்டி மார்க்கெட் யார்டில் மூட்டை சுமக்கும் ஹமால்களைக் கேளுங்கள். முன்பு அவர்களுக்கு நிலையான முதலாளி கிடையாது. லாரி வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. சுமந்த முதுகு ஒடிந்தால், "இவர் என் ஆள் இல்லை" என்று வியாபாரி கைவிரித்துவிடலாம். கிடைத்த கூலியை வாங்கிக்கொள்ளவோ பட்டினி கிடக்கவோ ஹமாலுக்குப் பூரண சுதந்திரம் இருந்தது! இதைச் சுதந்திரம் என்று யாராவது சொல்வார்களா?

1950-களில் டாக்டர் பாபா ஆடாவ் அவர்களைத் திரட்டி ஹமால் பஞ்சாயத்தைக் கட்டினார். பம்பாயிலும் சுமைத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1969-இல் மகாராஷ்டிர சர்க்கார் மாத்தாடி, ஹமால் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. முதலாளி, தொழிலாளி, சர்க்கார் என முத்தரப்பும் அமர்ந்த வாரியம் வந்தது. வியாபாரி கூலியையும் அதற்கு மேல் லெவியையும் வாரியத்தில் கட்ட வேண்டும். அந்த லெவியிலிருந்து சேமநல நிதி, போனஸ், பணிக்கொடை, மருத்துவ உதவி எல்லாம் வந்தன. இது சர்க்கார் போட்ட பிச்சை அல்ல. தொழிலாளியின் வியர்வை ஈட்டிய பணம் அவர் வீட்டுக்குப் போகச் சட்டம் வழி செய்தது.

இதிலும் களை முளைத்தது. மாத்தாடி என்று சொல்லிக்கொண்டு, வேலை செய்யாமலே பணம் பறிக்கும் கும்பல்கள் மீது தொழிற்பேட்டைகளிலிருந்து புகார்கள் எழுந்தன. நல்ல சட்டத்துக்கும் காவல் வேண்டும் தோழர்களே!

செல்வத்தை உண்டாக்குதல், சேர்த்தல், காத்தல், பகுத்துக் கொடுத்தல் என அரசின் கடமையை நான்காக வகுத்தார் வள்ளுவர். வெள்ளைக்காரர் சேர்த்தார்கள், பகுக்க மறந்தார்கள். லைசென்ஸ் ராஜ்யம் உண்டாக்கும் கையையே கட்டிப்போட்டது. சந்தையை மட்டும் நம்பினால் நான்காவது கடமை நடக்கவே நடக்காது. ஆகவே சர்க்கார் பெரிதா சிறிதா என்ற சண்டை நமக்கு வேண்டாம். எந்தச் சட்டம் வந்தாலும் ஒன்றே ஒன்று கேட்போம்: இது உழைப்பவரை வாசலில் காக்க வைக்கிறதா, நிமிர்ந்து நிற்க வைக்கிறதா?

ரேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். "ஒரே நாடு, ஒரே ரேஷன்" திட்டத்தில் தமிழ்நாடு 2020-இல் சேர்ந்தது. முன்னுரிமை அட்டை இருந்தால் அந்தத் தானியத்தை இங்கே புனேயிலும் வாங்கலாம். பாதியை இங்கும் மீதியை ஊரிலும்கூட வாங்கலாம். ஆனால் முன்னுரிமையற்ற அட்டைக்குத் தமிழ்நாடு தன் செலவில் தரும் அரிசி எல்லை தாண்டி வராது. ஓட்டு ஊரில், உழைப்பு இங்கே, அரிசி எங்கே? இரண்டு மாநில சர்க்கார்களையும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

தாய்மார்களே, உங்கள் அட்டை எந்த வகை என்று இன்றே பாருங்கள். சுமை தூக்கும் தோழர்களே, வாரியத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் சங்கத்திடம் வாருங்கள். சேர்ந்தே போய்க் கேட்போம். கோகலே கேட்டதால் உப்பு வரி இறங்கியது. ஹமால்கள் சேர்ந்து நின்றதால் சட்டம் பிறந்தது. கேட்காதவருக்கு எந்த சர்க்காரும் தானாக வந்து கொடுத்ததில்லை.