வியர்வை வாடையும் வெள்ளாவியும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியிருந்த காலத்தில், பாறையே 60 டிகிரிக்கு மேல் தகிக்கும் அந்தப் பாதாளத்தில் உழைத்துவிட்டு, அங்குள்ள கோரமண்டல் குடியிருப்பின் லைன் வீட்டுக்குத் திரும்பிய தமிழ்த் தொழிலாளியின் சட்டையில், வியர்வையும் வெடிமருந்துப் புகையும் இயந்திர எண்ணெயும் ஒன்றாய்க் கலந்து ஏறியிருந்த துர்நாற்றம், வெறும் சோப்புக்கு எளிதில் வசப்படக்கூடியதன்று. 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. வியர்வை மட்டும் எல்லா ஊரிலும் எல்லாத் தொழிலிலும் நீடிக்கிறது.

விசித்திரம் யாதெனில், வியர்வைக்குச் சுயமாக வாடை அநேகமாக இல்லை. துணியில் தங்கும் நுண்கிருமிகள் அதைச் சிதைப்பதால் உண்டாகும் கொழுப்பு அமிலங்களே மூலகாரணம். அமிலத்தைக் காரம் முறிக்கும் என்ற ரசாயன தத்துவத்தை எந்தப் பள்ளியிலும் பயிலாமலே, உவர்மண்ணில் துணியைத் தோய்த்து வெள்ளாவியில் அவித்தெடுத்த நம் சலவைத் தொழிலாளரின் அனுபவ ஞானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இல்லத்தில், ஒரு வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவைக் கரைத்து, பருத்தித் துணியை இரவு முழுவதும் ஊறவைத்தால் போதும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. பாலியெஸ்டரோ எண்ணெய்ப்பசையை விடாது பற்றிக்கொள்ளும். இரண்டாம் முறையும் ஊறவைக்க நேரலாம். சாம்பிராணிப் புகை வாடையை மறைக்குமே தவிர போக்காது. வெயிலில் உலர்த்திய பின், அக்குள் தையலைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரமிருந்தால், மற்ற இடம் மொரமொரவென்று காய்ந்திருந்தாலும் மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டாம்.